தீர்மானப் புத்தகமும் கணக்குப் புத்தகமும்

பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் நாளில் நம் வீடுகளில் ஓர் அறிவுரை தவறாமல் வழங்கப்படுகிறது. "படிப்பைப் பார், சங்கம் கிங்கம் என்று அலையாதே" என்பதே அது. வாப்பா சொல்வார், வாப்பா மறந்தால் மாமா சொல்வார். அவ்வறிவுரையில் அன்பு இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. ஆராய்ச்சி இருக்கிறதா என்பதே நம் கேள்வி. இன்று நம் பிள்ளைகள் லண்டனுக்கும் லீட்சுக்கும் மேற்படிப்பை நாடிச் செல்கின்றனர். அங்கும் இதே அறிவுரை தொலைபேசி வழியே அவர்களைத் தொடர்கிறது. அங்குள்ள மாணவர் சங்கம் எத்தகையது என்று அறியாமலேயே நாம் அதன் வாயிலை அடைத்துவிடுகிறோம்.

பிரிட்டனில் மாணவர் சங்கம் என்பது கொடி பிடித்துக் கோஷமிடும் கூட்டம் மட்டுமன்று. அது ஒரு நிறுவனம். பெரும்பாலான சங்கங்களுக்குச் சொந்த அலுவலகமும் சம்பளம் வாங்கும் ஊழியரும் உண்டு. பல சங்கங்கள் கடை நடத்துகின்றன, உணவகம் நடத்துகின்றன, நமக்கு உடன்பாடில்லாத மதுக்கூடமும் நடத்துகின்றன. 1994-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், சங்கத்தின் வரவு செலவு அறிக்கை ஆண்டுதோறும் வெளியிடப்பட்டு எல்லா மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்று விதிக்கிறது. சங்கத்தில் இருக்க விரும்பாதவர் விலகியிருக்கும் உரிமையையும் அதே சட்டம் அளிக்கிறது.

ஆகவே அச்சங்கம் பேசுகிற வாய் மட்டுமன்று. வாங்கவும் விற்கவும் செய்கிற கையுமாகும். வாய்க்கு ஒரு நீதி, கைக்கு ஒரு நீதி என்றிருக்கலாமா? இருக்கலாகாது என்பதே நம் வாதம். மாணவர் சங்கத்தின் சமூகப் பொறுப்பையும் சுற்றுச்சூழல் பொறுப்பையும் அதன் தீர்மானப் புத்தகத்தில் தேடாதீர்கள். கணக்குப் புத்தகத்தில் தேடுங்கள் என்கிறோம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "மாணவனுக்கு விடுதிச் சோறும் தேர்வுக் கட்டணமுமே பிரச்சினை, உலகத்தைத் திருத்தும் வேலை அவனுக்கு எதற்கு?" என்பர். இம்மறுப்புக்கு வரலாறே விடை கூறியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் பிரிட்டனின் பார்க்லேஸ் வங்கி அங்கே பெருந்தொழில் செய்துவந்தது. அந்த வங்கியைப் புறக்கணிக்குமாறு நிறவெறி எதிர்ப்பாளர்கள் 1970-களில் இயக்கம் நடத்தினர். மாணவர் சங்கங்கள் அதில் முன்னணியில் நின்றன. மாணவனிடம் என்ன பணம் இருக்கிறது என்று கேட்கலாம். இன்று இல்லை; நாளை இருக்கும். பதினெட்டு வயதில் ஒரு வங்கியில் கணக்குத் தொடங்குகிறவர் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகிறார் என்பது வங்கிக்காரர்களுக்குத் தெரியும். எனவே மாணவர் கூட்டம் கைவிட்டுப் போவது அவர்களுக்கு வருங்காலமே கைவிட்டுப் போவதாகும். 1986-இல் பார்க்லேஸ் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. மாணவர் மட்டுமே இதைச் சாதித்தனர் என்று நாம் கூறவில்லை; அந்நாட்டின் பொருளாதாரமும் அப்போது ஆட்டங்கண்டிருந்தது. ஆயினும் மாணவருக்கு இதில் பங்கில்லை என்பவர் வரலாற்றை மறைப்பவரே ஆவர். அவர்கள் ஏந்திய ஆயுதம் என்ன? கல்லன்று, தடியன்று, கணக்குப் புத்தகம்.

இனி மிகச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்று. லீட்ஸ் பல்கலைக்கழக மாணவர் சங்கம் 2008-இல் தன் கடைகளில் புட்டித் தண்ணீர் விற்பதில்லை என்று முடிவு செய்தது. குழாயைத் திருகினால் நல்ல குடிநீர் வரும் ஊர் அது. அத்தகைய ஊரில் தண்ணீரைப் பிளாஸ்டிக் புட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி, குளிர்ப்பெட்டியில் வைத்து, காசுக்கு விற்று, வெறும் புட்டியைக் குப்பையில் எறிவதில் என்ன நியாயம் இருக்கிறது? விற்றால் லாபம் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு நியாயம் இல்லை. அந்த லாபத்தைத் துறப்பதுதான் பொறுப்பு. "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு, அச்சுவரின் கீழேயே புட்டிகளை அடுக்கி விற்கிற சங்கத்தை என்னவென்று சொல்வது? பொய்ச்சாட்சி என்போம் நாம்.

நிற்க. இவையெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று எண்ணுவோருக்காகப் பாலக்காட்டுப் பக்கம் வருவோம். தமிழக எல்லைக்கு அருகில், பெருமாட்டி ஊராட்சியில், பிளாச்சிமடை என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 2000-ஆம் ஆண்டையொட்டிக் கொக்கோ கோலா நிறுவனம் ஆலை தொடங்கி நிலத்தடி நீரை எடுத்தது. கிணறுகள் வற்றின, எஞ்சிய நீரும் வாயில் வைக்கத் தகுதியற்றதாயிற்று என்று மக்கள் முறையிட்டனர். 2002-இல் ஆதிவாசிகள் ஆலை வாயிலில் போராட்டத்தைத் தொடங்கினர். மயிலம்மா என்னும் ஆதிவாசிப் பெண்மணி அதன் முகமானார். ஆலைக் கழிவை உரமென்று உழவருக்குக் கொடுத்திருந்தனர்; அதில் காட்மியமும் ஈயமும் இருந்ததை 2003-இல் பிபிசி வானொலி வெளிப்படுத்தியது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆயினும் 2004 மார்ச்சில் ஆலை ஓய்ந்தது, பிறகு இயங்கவேயில்லை. 2010-இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு, அவ்வூருக்கு நேர்ந்த சேதத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது.

இதற்கும் மாணவருக்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் அத்தொடர்பைக் கண்டுகொண்டனர். தாங்கள் குடிக்கும் பானத்தை விற்கும் நிறுவனம் இந்தியாவின் நிலத்தடி நீரையும் கொலம்பியாவின் தொழிலாளரையும் எவ்வாறு நடத்துகிறது என்று கேட்டனர். தெருவில் இறங்கிக் கத்தியதோடு நிற்கவில்லை. பொருள் வழங்குவோர்க்கென்று பல்கலைக்கழகம் வகுத்திருந்த நடத்தை விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு முறையிட்டனர். 2006 ஜனவரி முதல் பல்கலைக்கழகம் அந்நிறுவனத்திடம் கொள்முதலை நிறுத்தியது.

முடிவையும் மறைக்காமல் சொல்வோம். சுதந்திரமான ஆய்வுக்கு நிறுவனம் இணங்கியதும் அதே ஆண்டு ஏப்ரலில் கொள்முதல் மீண்டும் தொடங்கியது. நான்கே மாதம்! ஆனால் அந்த ஆய்வு வீணாகவில்லை. டெரி நிறுவனம் 2008 ஜனவரியில் அளித்த அறிக்கை, இராஜஸ்தானின் காலாதேரா ஆலை தண்ணீரைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும், இன்றேல் இடம் மாற வேண்டும் அல்லது மூட வேண்டும் என்னும் வழிகளை முன்வைத்தது. பிளாச்சிமடையின் கிணற்றுக்கும் மிச்சிகனின் குளிர்ப்பெட்டிக்கும் இடையே பல்லாயிரம் மைல்; எனினும் அவை இரண்டையும் ஒரே கணக்குப் புத்தகம் இணைத்திருந்தது. மாணவர் அதைப் புரட்டிப் பார்த்தனர். அவ்வளவே.

ஆனால் அறிக்கை வந்தபோது முறையிட்ட மாணவருள் எத்தனை பேர் அங்கே இருந்திருப்பர்? மாணவர் இயக்கத்தின் பெருங்குறையே இதுதான். நிறுவனம் நூறாண்டு வாழும். மாணவன் மூன்றாண்டில் பட்டம் வாங்கிப் போய்விடுவான். சங்கப் பொறுப்பாளரின் பதவியோ பொதுவாக ஓராண்டு. "இவர்கள் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று வணிகர் காத்திருக்கின்றனர். கோபம் மாணவனோடு போய்விடும். எழுதிவைத்த விதி அங்கேயே இருக்கும். ஆகவே, எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எந்த நிபந்தனையில் வாங்குவது என்பதைச் சங்கம் கொள்முதல் விதியாக எழுதிவைக்க வேண்டும். அவ்விதியின்படி நடந்தோமா என்பதை ஆண்டறிக்கையில் ரூபாய் அணா பைசாக் கணக்காகக் காட்ட வேண்டும்.

அங்ஙனம் செய்யாத சங்கங்களை நாம் கடிந்துரைக்கத் தயங்கோம். உலகத்து அநீதிகள் அனைத்தையும் கண்டித்துத் தீர்மானம் போடுகிறார்கள், கைதட்டுகிறார்கள், கலைகிறார்கள். பல்கலைக்கழக முத்திரை பொறித்த மேலாடையைத் தம் கடையில் விற்கிறார்கள். அதைத் தைத்த பெண் எந்த ஊரில், என்ன கூலிக்கு, எந்தக் கூரையின் கீழ் அமர்ந்து தைத்தாள் என்று கேட்பதில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 உயிர்கள் மாண்டன. மேலைநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதன் பின்னரும் விலைச்சீட்டை மட்டும் பார்த்துக் கொள்முதல் செய்கிற சங்கம், தீர்மானத்தில் எத்தனை கண்ணீர் வடித்தால் என்ன? தன் கட்டடத்தை இரவில் கூட்டிப் பெருக்கும் தொழிலாளிக்கு நோய்க்கால விடுப்பு உண்டா என்று அறியாத சங்கம், சமூகப் பொறுப்பு என்னும் சொல்லை நாவால் தொடலாமா?

"இவற்றையெல்லாம் பார்த்தால் பண்டம் விலையேறும், ஏழை மாணவன் என்ன செய்வான்?" என்றும் கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் குழாய்த் தண்ணீருக்கு விலை ஏது? வீணடிக்காத உணவுக்குக் கூடுதல் செலவு ஏது? பொறுப்பின் பெரும்பகுதி சிக்கனமே. விலை கூடுமிடத்தில் எதைத் தாங்கலாம், எதைத் தாங்க முடியாது என்று மாணவரிடமே கேட்டு வாக்கெடுக்கட்டும். ஏழை மாணவனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு லாபத்தைக் காப்பது அறமன்று.

பெற்றோரே! நம் சமுதாயத்துக்கு அமானிதம் என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிறர் பொருள் நம் கையில் இருக்கும்போது அதை எவ்வாறு காக்கிறோம் என்பதே மனிதனின் உரைகல். மாணவர் சங்கத்தின் பணம் மாணவர் அனைவரின் அமானிதம். ஊர்க்கிணற்றின் நீரோ பிறக்கவிருக்கும் பிள்ளைகளின் அமானிதம். இவ்விரண்டையும் ஒருங்கே காக்கப் பழகுகிற பயிற்சிக்கூடம் ஒன்று பல்கலைக்கழகத்தினுள்ளே இருக்கிறது. அதற்கு நம் பிள்ளைகளை விடாமல் தடுப்பது நாமே. நாளை அவர்கள் கடை வைப்பார்கள், ஆலை வைப்பார்கள், தோல் பதனிடும் தொழிலில் இறங்குவோரும் இருப்பர். கணக்குப் புத்தகத்தில் கிணற்றுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அன்று யார் அவர்களுக்குச் சொல்லித்தருவார்?

எனவே, இனி வழியனுப்பும்போது "சங்கத்தின் பக்கம் போகாதே" என்னாதீர்கள். "போ; கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்தாலும் சரி, எழுந்து கணக்கைக் கேள்" என்று சொல்லி அனுப்புங்கள்.