கணவாயைக் கடந்தது யார்?

குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் கணவாய்களை மோட்டார்ஹோமில் 'வென்று' திரும்பிய பயணக் கட்டுரைகள் தமிழில் அவ்வப்போது வருகின்றன. அவற்றுள் ஒன்றிரண்டு நண்பர்கள் எழுதியவை என்பதால் சற்றுத் தயக்கத்துடனேயே தொடங்குகிறேன். தயக்கம் இந்தப் பத்தியோடு முடிகிறது. (வீட்டு வண்டி என்றே இனி எழுதுகிறேன். கேரவன் என்றால் நமக்கு நடிகர்களின் ஒப்பனை வண்டிதான் நினைவுக்கு வருகிறது.)

ஒரு நண்பர் ஜனவரி மாதத்தில் கோட்டார்ட் கணவாயைக் கடந்தாராம். 2,100 மீட்டருக்கு மேலுள்ள அந்தக் கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும். ஃபுர்க்கா, கிரிம்ஸல், சுஸ்டன் கணவாய்களும் அப்படியே. அவர் சென்றது 1980இல் திறக்கப்பட்ட 16.9 கிலோமீட்டர் சுரங்கப்பாதை. விளக்கெரியும் அந்தக் குகைக்குள் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, பனியோடு பொருதியதாக எழுத எப்படி மனம் வந்தது? இதைக் கற்பனை என்று சொல்லித் தப்ப முடியாது. பயண இலக்கியத்தில் சென்ற வழியை மாற்றிச் சொல்வதற்குப் பொய் என்றே பெயர்.

இன்னொருவர் உண்மையிலேயே மேலேறினார். 2,284 மீட்டர் உயரமுள்ள ஜூலியர் கணவாயை ஆண்டு முழுவதும் திறந்து வைக்க முயல்கிறார்கள். அங்கே அவர் கண்டது 'மனிதக் காலடி படாத வெண்மை'. அந்த உச்சியில் உரோமானியர் காலக் கோயில் ஒன்றின் தூண்கள் இரண்டு சாலையோரமாகவே நிற்கின்றன. ஏறும் வழியில் இருக்கும் ஏரி, சூரிச் நகரின் மின்சாரத்துக்காக 1954இல் மார்மொரேரா என்ற ஊரை மூழ்கடித்து உண்டாக்கியது. ஈராயிரம் ஆண்டுகளாக மனிதர் நடந்து, குடியிருந்து, இழந்த வழி அது. அவருடைய சக்கரத்துக்கு முன்னால் கருநிறத் தார் தெரிந்ததே, அதை விடியலுக்கு முன் யார் சுரண்டி வைத்தார்கள் என்ற கேள்வி அவருக்கு எழவேயில்லை.

'இலக்கியத்துக்குத் தகவல் எதற்கு, அனுபவம் போதாதா?' என்று கேட்பார்கள். வகுப்பறையிலும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். பனிமலையில் தகவல்தான் ஐயா அனுபவம்.

2019 பிப்ரவரியில், சூரிச்சில் வாழும் என் தங்கையின் கணவர் இத்தகைய கட்டுரை ஒன்றை நம்பி வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்தார். துணிவு இருந்தால் சங்கிலி தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தது. வண்டியோடு தந்த சக்கரச் சங்கிலிகளை நாங்கள் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. பிவியோ என்ற ஊரைத் தாண்டிய ஏற்றத்தில் முன்சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. இவ்வகை வண்டிகள் பலவற்றில் இழுப்பது முன்சக்கரம்; பாரமோ வாலில். ஏற்றத்தில் எடை மேலும் பின்னால் சரிய, முன்பக்கம் பிடிப்பை இழக்கிறது. மூன்றரை டன் வண்டி மெல்லப் பின்னோக்கி நழுவுவதை உள்ளே குழந்தைகளோடு உட்கார்ந்து உணர்ந்தவன் நான். "கட்டுரையில் இதெல்லாம் இல்லையே மச்சான்" என்றார் அவர். குரல் நடுங்கியது.

எங்கள் வண்டி பனித்திட்டில் முட்டி நின்றது. பின்னால் வந்த பனி தள்ளும் வண்டியின் ஓட்டுநர் இறங்கிவந்து, ஒரு வார்த்தைகூட ஏசாமல், பனியில் மண்டியிட்டுச் சங்கிலிகளை மாட்டினார். நாங்கள் திருப்பும் வரை தம் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மற்றவர்களைத் தடுத்து வைத்தார். கீழே போகச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. 'நான்' என்று தொடங்கும் அந்த வீரகாவியங்கள் எதிலும் இந்த மனிதர் இல்லை.

பிவியோவிலேயே இரவு தங்கினோம். நள்ளிரவில் எரிவாயு தீர்ந்து சூடேற்றி நின்றது. கொதிகலன் உறைந்து வெடிக்காதிருக்க, குளிர் மூன்று பாகைக்கு இறங்கியதும் தானே திறந்துகொள்ளும் வால்வு ஒன்று அதில் உண்டு. அது கலத்திலிருந்த நீர் முழுவதையும் வெளியே கொட்டிவிட்டது; குழாய்களிலும் சொட்டு இல்லை. காலையில் தங்கை அருகிலிருந்த விடுதியில் தண்ணீர் கேட்டு வாங்கிவந்து, அவர்கள் அடுப்பிலேயே காய்ச்சிய தேநீரைத் தந்தாள். பனி தள்ளும் வண்டி அப்போது மறுபடியும் மேலேறிக்கொண்டிருந்தது.