கோடு போட்டுப் பிழைத்தவர்

'பையன் சதா காலமும் படம் போட்டுக்கொண்டே இருக்கிறானே, இது சோறு போடுமா?' என்ற கவலை படித்த குடும்பத்துப் பெற்றோருக்குப் புதிதன்று. அதிலும், "கார்ட்டூன் படத் தொழிலுக்குப் போகிறேன்" என்று பிள்ளையாண்டான் சொல்லிவிட்டால் வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தையே இராது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. திரையில் விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடியாக வேண்டும். ஒரே சித்திரத்தை இரண்டு முறை படம் பிடித்துச் சிக்கனம் செய்தாலும் விநாடிக்கு 12 சித்திரங்கள். பத்து நிமிஷப் படத்துக்கு 7,200! ஒரு மான் தலையைத் திருப்பிக் காதை அசைப்பதற்குள் சித்திரக்காரனுக்குப் பொழுது சாய்ந்துவிடும்.

இப்பேர்ப்பட்ட வேலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நின்ற ஒருவர் நம் தேசத்தில் இருந்தார். ராம் மோகன் என்று பெயர். 1931-ல் பிறந்தவர், ரஸாயன சாஸ்திரம் படித்தவர். படிப்பின் வழியே போயிருந்தால் ஏதாவது ஒரு பரிசோதனைச் சாலையில் சௌக்கியமாக உத்தியோகம் பார்த்திருக்கலாம். 1956-ல் பம்பாயில், சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கிய கார்ட்டூன் பிரிவில் போய்ச் சேர்ந்தார். அங்கே வித்தை கற்பிக்க வந்தவர் கிளேர் வீக்ஸ் என்னும் அமெரிக்கர். வால்ட் டிஸ்னியிடம் 'பீட்டர் பான்' முதலிய படங்களில் வேலை செய்தவர். இந்தியாவிலேயே பாதிரிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது ஒரு விசேஷம். அந்தப் பயிற்சியின் பயனாக 1957-ல் வெளிவந்த படம் ஜாதகக் கதையொன்றைச் சொல்லும் 'தி பானியன் டீர்'.

ஆனால் ஜாதகக் கதை தினந்தோறும் கிடைக்குமா? சர்க்கார் திட்டங்களை ஜனங்களுக்கு விளக்கும் பிரசாரப் படங்களே அந்தப் பிரிவின் அன்றாட ஜீவனம். ராம் மோகன் அங்கே பன்னிரண்டு வருஷம் உழைத்தார். 1968-ல் வெளியேறி, 1972-ல் சொந்த ஸ்தாபனம் கண்டார். அதற்குப் பிறகு விளம்பரப் படங்கள். பிறருடைய படங்களுக்கு நடுவே வரும் சிறு சித்திரப் பகுதிகள். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் (1977), ஆங்கிலேயர் சுதேச சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டதைச் சித்திரமாகக் காட்டும் இடம் அவருடைய கைவேலைதான். சில நிமிஷ வேலை. ஆனால் சரித்திரப் புஸ்தகத்தில் பல பக்கம் படித்தாலும் ஏறாதது அதில் பளிச்சென்று மனத்தில் ஏறிவிடுகிறது. 'யூ ஸெட் இட்', 'பயர் கேம்ஸ்' என்ற குறும்படங்களுக்குத் தேசிய விருதுகளும் கிடைத்தன.

"இவ்வளவு பெரிய கலைஞர் சோப்புக்கும் சர்க்கார் திட்டத்துக்கும் கோடு போட்டுக் காலத்தை வீணாக்கினாரே!" என்று ரஸிகர்கள் சிலர் அங்கலாய்ப்பதுண்டு. எனக்கு அது சம்மதமில்லை. எழுத்து வாசனை அறியாத ஒருவருக்கு ஒரே நிமிஷத்தில் ஒரு விஷயத்தைப் புரிய வைப்பது எப்படி என்று அவர் கற்றுக்கொண்ட பாடசாலை அதுவேயல்லவா?

அந்தப் படிப்பு 1990-களில் பலன் தந்தது. பெண் குழந்தைகளின் கல்விக்காகவும் க்ஷேமத்துக்காகவும் யூனிஸெப் ஸ்தாபனம் 'மீனா' என்ற பாத்திரத்தைப் படைக்க விரும்பிற்று. அதில் ஒரு பெரிய சங்கடம். வங்காள தேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நான்கு தேசத்துக் குழந்தைகளும் அவளை 'எங்கள் ஊர்ப் பெண்' என்று கொண்டாட வேண்டும். பாவாடையின் நீளம் எவ்வளவு? தலையில் முக்காடு உண்டா, இல்லையா? நெற்றியில் பொட்டு வைத்தால் ஓரிடத்தில் பிசகு. வைக்காவிட்டால் வேறோரிடத்தில் பிசகு. கிராமத்து ஜனங்களிடமே சித்திரங்களைக் காட்டி அபிப்பிராயம் கேட்டு, மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் ஒரு முகம் கிடைத்தது. முதல் கதையில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். அவளுடைய கிளி பள்ளிக்குப் போய்ப் பாடம் கேட்டு வந்து சொல்லும். அப்படிக் கற்ற எண்ணிக்கையைக் கொண்டே வீட்டுக் கோழிகளில் ஒன்று குறைவதைக் கண்டுபிடித்துத் திருடனைப் பிடிக்க வழி செய்வாள். பெண்ணைப் படிக்க வைத்தால் என்ன லாபம் என்று கேட்கும் தகப்பனாருக்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன வேண்டும்?

நிற்க. அவருடைய மிகப் பெரிய வேலை அறுபது வயதுக்குப் பிறகே உலகத்தின் கண்ணில் பட்டது. ஜப்பானியரான யூகோ ஸாகோ என்பவர் ராமாயணத்தில் மனம் பறிகொடுத்து, அதை முழுநீளச் சித்திரப் படமாக்க முனைந்தார். ஸாகோவும் கோய்ச்சி ஸஸாகியும் ராம் மோகனும் சேர்ந்து அதை இயக்கினார்கள். சுமார் 450 கலைஞர்கள் உழைத்தார்கள். வேஷ்டி எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி பெறுவது என்பதையெல்லாம் ஜப்பானியச் சித்திரக்காரர்களுக்கு நம்மவர் செய்து காட்ட வேண்டியிருந்ததாம்! ராமன் கதையைத் தீட்ட ஒரு ஜப்பானியர் புறப்பட்டு வரவேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அவர் வந்தபோது கூட நின்று இயக்குவதற்கு நம்மிடம் ஒருவர் தயாராக இருந்தாரே என்ற சந்தோஷமும் உண்டு.

அந்தப் படம் 1993-ல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ராம் மோகனுக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது 2014-ல். 2019 அக்டோபரில் தமது 88-வது வயதில் அவர் காலமானார். 2025 ஜனவரியில் அவருடைய ராமாயணம் புதுப்பிக்கப்பட்டு, தமிழிலும் பேசிக்கொண்டு கொட்டகைகளுக்கு வந்தது.

மறுபடி அந்தப் பையனிடம் வருவோம். அவன் பென்ஸிலைப் பிடுங்கி வைப்பதற்கு முன், ஓடுகிற நாயை வரையச் சொல்லிப் பாருங்கள். ஒன்று வரைந்துவிட்டுப் பெருமையாக வந்து நின்றால், "பேஷ்!" என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதே நாயைப் பன்னிரண்டாவது தடவையும் அலுக்காமல் வரைந்து, "பின்னங்கால் இன்னும் சரியாக வரவில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தால், உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.