பலகை மாட்டினால் பொறுப்பு தீருமா?

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் இறங்கி, ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராஜப் பெருமாள் கோயிலும் அமைந்திருப்பதால் பெரியவர்கள் இன்றும் வடகாஞ்சி என்று வாஞ்சையோடு அழைக்கும் பழைய ஊரைக் கடந்து, வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையின் பக்கமாக மனை மனையாகப் பெருகிவிட்ட புதிய குடியிருப்புகளுக்குள் நுழைந்தால், வருகிறவர் உட்காருவதற்கென்றே அக்காலத்து வீடுகளில் கட்டப்பட்டிருந்த திண்ணை இங்கே இல்லை என்பதும், அதன் ஸ்தானத்தில் ஆளுயரச் சுவரும் இரும்புக் கேட்டும், கேட்டின் மேல் சிவப்பெழுத்தில் ‘நாய் ஜாக்கிரதை’ என்ற தகரப் பலகையும் வந்துவிட்டன என்பதும் கண்ணில் படும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அனல்மின் நிலையத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களின் குடும்பங்கள் வாழும் வீடுகள் இவை. அக்கம்பக்கத்து மனைகள் இன்னும் முள்ளும் புதருமாகக் கிடக்க, பெண்களும் குழந்தைகளும் தனித்திருக்கும் ராத்திரிகளில் ஒரு நாயின் குரல் எவ்வளவு பெரிய தைரியம் என்பது அங்கே வசிப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட வீடொன்றில் சில மாதங்களுக்கு முன் நடந்ததை எதிர்ச்சாரியில் நின்று நான் கண்ணால் பார்த்தேன். சிலிண்டர் போட வந்த இளைஞர் கேட்டுக்கு வெளியே நின்று, “அம்மா, சிலிண்டர்! நாயைக் கட்டியாச்சா?” என்று கேட்டார். “அது ஒண்ணும் பண்ணாது தம்பி, சும்மா குரைக்கும், நீ வா” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. குரைக்கிற நாய் கடிக்காது என்று நம் ஊரில் யார்தான் நம்பவில்லை? முப்பது கிலோ கனமுள்ள நிறைந்த சிலிண்டர் அவர் தோளில். ஒரு கை அதைப் பிடித்திருக்க, மறு கையால் தாழ்ப்பாளை நீக்கி இரண்டு அடி வைத்திருப்பார், நாய் அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ஓட முடியாது, தடுக்கக் கை இல்லை, சுமையைப் போட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. காலில் தொங்கும் நாயோடு படி வரைக்கும் நடந்து, சிலிண்டரை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அவர் வாய்விட்டு அலறினார்.

வீட்டு அம்மாள் பதறிப்போய் மஞ்சள் தூளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, மருத்துவமனைக்கு அனுப்பினோம். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சொன்ன வார்த்தைதான் இதை எழுதத் தூண்டியது. “நம்ம காம்பவுண்டுக்குள்ளே நடந்ததுக்கு நாம என்ன சார் பண்றது? போர்டு மாட்டித்தானே வெச்சிருக்கோம்?” அவர் கல்நெஞ்சர் அல்லர்; மனப்பூர்வமாக அப்படி நம்புகிறவர். தெருவில் கூடி நின்றவர்களில் பெரும்பாலோர் தலையசைத்து அதை ஆமோதித்தார்கள். என் சுவருக்குள் நான் வைத்ததே சட்டம், பலகையைப் படித்த பிறகும் உள்ளே வந்தவன் அபாயத்தைத் தானே ஏற்றுக்கொண்டவன் என்னும் இந்த எண்ணம் பிழையானது என்பதே என் வாதம்.

1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவாக நீடிக்கும் விதியை ஊன்றிப் படித்துப் பாருங்கள். தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஏற்படக்கூடிய அபாயத்தைத் தடுப்பதற்குப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அஜாக்கிரதையாலோ செய்யாமல் விடுகிறவர் குற்றவாளி என்று அது சொல்கிறது. தெருவிலா, பூங்காவிலா, சொந்த வீட்டு முற்றத்திலா என்று அது பேதம் பாராட்டவில்லை. நாய் கடித்தே தீரவேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் ஐதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு உணவு கொண்டு போன 23 வயது இளைஞர், அந்த வீட்டு நாய் தம்மைத் துரத்தியதால் மூன்றாம் மாடியிலிருந்து குதித்து, சில தினங்களில் உயிர் துறந்தபோது, நாயின் சொந்தக்காரர்மீது போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய கொடுமையில், நாய்க்காரர் கைதானதும் இந்த 289ஆம் பிரிவின் கீழ்தான். அந்தக் குழந்தை பூங்காக் காவலாளியின் மகள். ஊரார் பூங்கா என்று சொல்லும் இடமே அவளுக்கு வீடு.

தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முந்தைய சட்டத்தில் அபராதம் ஆயிரம் ரூபாயாக இருந்தது. 1860இல் ஆயிரம் என்பது ஒரு குடும்பத்தின் ஆஸ்தி, நம் காலத்தில் அது நாய்க்கு வாங்கும் தீனிப் பைக்கும் காணாது. ஐயாயிரமாக உயர்த்தியது சரிதான். ஆனால் சிலிண்டர் இளைஞரைப் போன்றவர்களுக்கு அவசியமாக வேண்டியது நஷ்டஈடு. அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம், வாஸ்தவம். ஆனால் கடித்த அன்றும், 3ஆம் நாளும், 7ஆம் நாளும், 28ஆம் நாளும் போய்த் தோலில் போட்டுக்கொள்ளவேண்டிய அந்த ஊசிக்காக இழக்கும் நாலு நாள் கூலியும், கனம் தூக்க முடியாமல் படுத்திருக்கும் நாட்களின் கூலியும் இலவசமாக வருவதில்லை.

இங்கேதான் நம் சிவில் சட்டம் கைவிடுகிறது. இங்கிலாந்தில் 1971லேயே பிராணிகளால் நேரும் தீங்குக்கென்று தனிச் சட்டம் செய்துகொண்டார்கள். நம்மிடம் அப்படியொன்று கிடையாது. பழைய ஆங்கில நியாய மரபையே நம் நீதிமன்றங்கள் பின்பற்றி வருவதால், வீட்டுப் பிராணியின் துர்க்குணம் சொந்தக்காரருக்கு முன்பே தெரியும் என்றோ, அவர் அஜாக்கிரதையாக இருந்தார் என்றோ கடிபட்டவரே ருசுப்படுத்தவேண்டியிருக்கிறது. முதல் கடி கடித்த நாயின் குணத்தை வாசலோடு வந்துபோகும் ஒருவர் எங்கே போய் நிரூபிப்பார்? பலகையைக் காட்டித் தப்பிக்கலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ‘ஜாக்கிரதை’ என்று எழுதி மாட்டியவரே தம் நாய் அபாயகரமானது என்பதைத் தாம் அறிந்திருந்ததற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் ஆகிறார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட்டால், அதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. படிக்கத் தெரியாத குழந்தைக்கும், தமிழ் அறியாமல் வட மாநிலத்திலிருந்து நம் துறைமுகப் பகுதிக்குப் பிழைக்க வந்திருக்கும் தொழிலாளிக்கும் அந்தப் பலகை வெறும் தகரம்தான்.

சுவரேறிக் குதித்து வந்த திருடனைக் கடித்ததற்கும் வீட்டுக்காரர் பதில் சொல்லவேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை என்றே நானும் நினைக்கிறேன். அபாயகரமான நாய்களுக்கான சட்டத்தை 2014இல் திருத்தி, சொந்த வீட்டுக்குள் நடக்கும் தாக்குதலையும் அதற்குள் கொண்டுவந்தபோது இங்கிலாந்தினர் வீட்டில் அத்துமீறி நுழைந்தவனுக்கு விலக்கு வைத்தார்கள். கலிபோர்னியாவின் சிவில் சட்டமோ, பொது இடத்திலும், நியாயமான காரியமாக வந்து நிற்கும் தனியார் இடத்திலும் நாய் கடித்தால், முன்பு கடித்ததுண்டா என்ற கேள்விக்கே இடமின்றிச் சொந்தக்காரரைப் பொறுப்பாளியாக்கி, தபால் கொண்டு வருபவரை வெளிப்படையாகவே அந்தப் பாதுகாப்புக்குள் சேர்த்திருக்கிறது. வந்தவர் யார், எதற்காக வந்தார் என்பதே கேள்வி. சிலிண்டர் போடுபவர் அடுப்பெரிவதற்காக வருகிறார். மின்சார ரீடிங் எடுப்பவர் 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் தரும் அதிகாரத்தோடு வருகிறார். இவர்கள் நம் காரியமாக உள்ளே வருகிறவர்கள்.

குற்றம் யாருடையது என்று பாராமலே நஷ்டஈடு கொடுப்பது நம் தேசத்துக்குப் புதிய தத்துவமும் அல்ல. மோட்டார் விபத்தில் இறந்தவர்களுக்கும் நிரந்தர ஊனமுற்றவர்களுக்கும் ஓட்டியவரின் தவறை நிரூபிக்காமலே ஒரு தொகை தரவேண்டும் என்று 1982லேயே சட்டத்தைத் திருத்தினோம். வாகனம் வைத்திருப்பவர் ரோட்டில் போகிற மூன்றாம் மனிதருக்காக இன்ஷூரன்ஸ் கட்டுவது இன்று யாருக்கும் அநியாயமாகப் படவில்லை. நியாயமான காரியமாக வாசலுக்குள் வந்தவரைக் கடித்தால், சிகிச்சைச் செலவையும் இழந்த கூலியையும் நாயின் சொந்தக்காரரே தரவேண்டும் என்று நம் சட்டமன்றம் ஒரு சிறு சட்டம் செய்யவேண்டும். வேறு எந்தத் திருத்தத்தைவிடவும் இதைத்தான் நான் அவசரமாகக் கேட்கிறேன்.

குடித்தன வீடுகளை நினைத்தால் இந்த அவசரம் இன்னும் கூடுகிறது. ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடித்தனம் இருக்கும் வீட்டில், சொந்தக்காரரின் நாய் திரியும் அந்த முற்றம்தான் வாடகைக்காரர் குழந்தைகளின் விளையாட்டு மைதானமும். ‘என் இடம்’ என்று அதை அவர் ஒருவர் மட்டும் எப்படிச் சொல்ல முடியும்? கன்டெய்னர் யார்டுகளிலும் கிடங்குகளிலும் இரவுக் காவலுக்கு அவிழ்த்துவிடப்படும் நாய்களின் விஷயமும் இதுவே. நடுநிசியில் லாரியை நிறுத்தி, சீட்டைக் காட்ட இறங்கும் டிரைவர் அங்கே அந்நியர் அல்லர்.

2025இல் பெருநகர சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. ஆனால் மாநகராட்சியின் எல்லை எண்ணூர்ப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. மீஞ்சூர் பேரூராட்சி, திருவள்ளூர் மாவட்டம். கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாய்க்கு ஒரு சட்டம், இந்தப் பக்கத்து நாய்க்கு வேறொன்று என்று இருக்கலாகாது. எந்த வீட்டில் எந்த நாய், அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்ற ஒரு பதிவேட்டையாவது நம் பேரூராட்சி உடனே தொடங்கவேண்டும். கடிபட்டவர் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

சட்டம் வரும் வரையில் காத்திருக்கவேண்டும் என்பதில்லை. அந்த வீட்டுக்காரரோடு இரண்டு மாலைகள் உட்கார்ந்து பேசினேன். மூன்றாம் நாள் அவர் அந்த இளைஞரின் வீட்டைத் தேடிப்போய்க் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தார். அழைப்பு மணியைக் கேட்டுக்கு வெளியே மாற்றினார். பின்கட்டில் ஒரு கொக்கி அடித்தார். 28ஆம் நாள் ஊசியும் முடிந்த பிறகு ஒரு காலை வேளையில் அந்த இளைஞர் அடுத்த சிலிண்டரோடு அங்கே வந்தார். சிலிண்டரைத் தரையில் இறக்கி வைத்து, மணியை அடித்துவிட்டு, உள்ளே சங்கிலி கொக்கியில் மாட்டும் சத்தம் காதில் விழும் வரை வெளியிலேயே நின்றிருந்தார்.