சிரிக்க வைத்தார் என்பதற்காக எழுத்தாளர் இல்லையா?

'பிளீபேக்' தொடரைப் பற்றி நம் ஆட்கள் எழுதும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. ஒரு பெண் தானே எழுதி, தானே நடித்து, சிரிப்புக்கு நடுவே துக்கத்தைக் கொண்டுவந்து வைப்பது இப்போதுதான் தொடங்கியிருக்கிறதாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போச்சு. ஃபீபி வாலர்-பிரிட்ஜ் நல்ல எழுத்தாளர், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் பிறந்த 1985ஆம் வருடத்திலேயே பிபிசியில் இன்னொரு பெண் இதைச் செய்துகொண்டிருந்தார். அதற்கு ஏழு வருடம் முன்பே நாடக மேடையில் தொடங்கியும் விட்டிருந்தார். அவர் பெயர் விக்டோரியா வுட்.

பெயரைச் சொன்னதும் ஆங்கில நகைச்சுவை பார்க்கிறவர்கள் சொல்வது, "ஓ, அந்த காமெடி ஆக்ட்ரஸா?" இந்தக் கட்டுரை அந்த இரண்டு சொற்களுக்கு எதிரானது.

பிரிட்டனில் அவரை என்னென்னவோ சொல்லிக் கொண்டாடினார்கள். 1997இல் ஒரு அரச விருது, 2008இல் அதைவிடப் பெரிய ஒன்று. 'தேசத்தின் செல்லம்' என்கிற மாதிரி ஒரு பட்டம். 2016 ஏப்ரல் 20 அன்று, 62 வயதில் புற்றுநோயால் இறந்தபோது நாடே அழுதது. 2019இல் அவர் வளர்ந்த பெரி நகரத்தில் வெண்கலச் சிலையும் வைத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் பிரிட்டிஷ் நாடக இலக்கியம் பற்றிப் பேசுகிற இடங்களில் பிண்டர் வருகிறார், ஸ்டொப்பார்ட் வருகிறார், ஆலன் பென்னட் வருகிறார், கேரில் சர்ச்சில் வருகிறார். வுட் வருவது அரிது. அவரைப் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நெருங்கி வாசிக்க உட்கார்கிறவர்கள் குறைவு.

முதலில் வாழ்க்கை, சுருக்கமாக. 1953இல் லங்காஷயரின் பிரெஸ்ட்விச்சில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா இன்ஷூரன்ஸ் வேலை பார்த்துக்கொண்டே வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதியவர். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். படிக்கும்போதே, 1974இல், 'நியூ ஃபேசஸ்' என்ற திறமைப் போட்டி நிகழ்ச்சியில் பியானோவோடு வந்து பாடினார். பிறகு வாய்ப்பே இல்லாமல் சில வருடங்கள்.

1978இல் ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் அவருடைய 'டேலன்ட்' நாடகம் மேடையேறியது. பாடகியாக ஆசைப்படும் ஒருத்தி, துணைக்கு வந்த குண்டான தோழி, ஒரு மட்டமான கிளப், அங்கே ஒரு போட்டி. இவ்வளவுதான் கதை. அந்த நாடகத்துக்கு நம்பிக்கையூட்டும் புதிய எழுத்தாளர் என்ற விருது கிடைத்தது. அடுத்த வருடமே தொலைக்காட்சிக்கும் போனது. அதில் ஜூலி வால்டர்ஸ் பாடகி, வுட் தோழி. ஆக, அவர் நாடகாசிரியராகத்தான் உள்ளே வந்தார். 'காமெடி ஆக்ட்ரஸ்' என்பது பிற்பாடு ஒட்டிய சீட்டு.

யார் ஒட்டினார்கள்? பிபிசியில் 'லைட் என்டர்டெயின்மென்ட்' என்று ஒரு துறை இருந்தது. 'டிராமா' வேறு துறை. யார் எந்தப் பட்ஜெட்டில், எந்த ஸ்டூடியோவில் வேலை செய்வது என்பதற்கான அலுவலகப் பிரிவினை அது. ஆனால் அலுவலகம் போட்ட கோடு நாளாவட்டத்தில் ரசனைக் கோடாக மாறிவிடும். 'லைட்' என்று ஒரு துறைக்குப் பெயர் வைத்துவிட்டால், அங்கிருந்து வருவதெல்லாம் கனமில்லாதது என்று நாமே தீர்ப்பெழுதிக்கொள்கிறோம். 1985–86இல் பிபிசி 2இல் வந்த 'விக்டோரியா வுட்: ஆஸ் சீன் ஆன் டிவி'க்கு பாஃப்டா கொடுத்தார்கள், லைட் என்டர்டெயின்மென்ட் பிரிவில்.

அந்த 'லைட்' நிகழ்ச்சியில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு போலி ஆவணப்படம். கிறிஸ்ஸி என்ற பதின்வயதுப் பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடக்கப்போகிறாள். நடித்தவர் வுட்தான். பெற்றோருக்கு அவள்மேல் அக்கறையே கிடையாது. கெட்டவர்களும் இல்லை, அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். கேமரா முன்னால் சகஜமாகப் பேசுகிறார்கள். பெண் தனியாகக் கடலில் இறங்குகிறாள். திரும்பி வருவதில்லை. ஆவணப்படம் அதே நிதானக் குரலில் முடிகிறது. நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். எந்த நிமிடத்தில் சிரிப்பு நின்றது என்று யோசித்தால் சொல்ல முடியாது. ஒரு பிள்ளையை யாரும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான சிறுகதை எனக்குத் தெரியாது. இதற்குப் பெயர் 'ஸ்கெட்ச்'. என்னங்க நியாயம் இது?

இன்னொரு உதாரணம்தான் என் வழக்கின் முக்கிய சாட்சி. அதே நிகழ்ச்சியில் 'கிட்டி' என்று ஒரு பாத்திரம். நடுவயது தாண்டிய வடக்கத்திப் பெண், நாற்காலியில் உட்கார்ந்து நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள். தன்னைப் பற்றிய பெருமிதம், ஊரைப் பற்றிய தீர்ப்புகள். பேசப் பேச, தான் மறைக்க நினைப்பதையெல்லாம் அவளே காட்டிக்கொடுத்துவிடுகிறாள். நடித்தவர் பட்ரீஷியா ரூட்லெட்ஜ். இதே ரூட்லெட்ஜை வைத்து, இதே வடக்கத்திப் பேச்சில், இதே மாதிரி தனிமொழிகளை ஆலன் பென்னட்டும் எழுதினார். 1982இல் ஒன்று, பிறகு 1988இல் 'டாக்கிங் ஹெட்ஸ்' வரிசையில் இன்னொன்று. முதலில் செய்தவர் பென்னட்தான், அந்த மரியாதை அவருக்கு. பென்னட்டையும் செல்லம் கொஞ்சினார்கள் என்பதும் உண்மை. ஆனால் 'டாக்கிங் ஹெட்ஸ்' பள்ளிப் பாடத்துக்குப் போனது. மாணவர்கள் அதில் நம்பகமில்லாத கதைசொல்லியைத் தேடித் தேர்வு எழுதினார்கள். வுட்டின் பிரதிகளும் புத்தகமாக வந்தவைதான். 1985இலேயே 'அப் டு யூ, போர்க்கி' அச்சில் இருந்தது. அது போய்ச் சேர்ந்த இடம் கடைகளின் 'ஹ்யூமர்' அடுக்கு.

வித்தியாசம் எங்கே? கிட்டி அதிகம் சிரிக்க வைக்கிறாள். அவ்வளவுதான் குற்றம்.

சிரிப்பு அதிகமானால் இலக்கியம் குறைந்துவிடும் என்ற இந்தக் கணக்கை யார் போட்டது? தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டை அடுக்கும்போது நகையைத்தான் முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைப் பிரித்தும் காட்டினார். வுட்டின் பாத்திரங்களை இந்த நான்கில் பொருத்திப் பார்க்கலாம், கச்சிதமாக உட்காரும். கிட்டியிடம் எள்ளல், கிறிஸ்ஸியிடம் இளமை.

இப்போது எதிர்த்தரப்பு. "அவங்க எழுத்து ரொம்ப பாதுகாப்பானது, சொகுசானது" என்பார்கள். 1980களில் பிரிட்டனின் புதிய நகைச்சுவைக்காரர்கள் தாட்சரைத் திட்டி மேடையில் கத்திக்கொண்டிருந்தபோது, இவர் பிஸ்கட் பற்றியும் வெந்நீர்ப் பை பற்றியும் பேசிக்கொண்டிருந்தாராம். அரசியல் இல்லையாம்.

பிஸ்கட்டிலேயே தொடங்குவோம். 'அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான்' என்பது தகவல். 'ஆறிப்போன ரவா உப்புமாவை நின்றபடியே முழுங்கிவிட்டுப் போனான்' என்றால் அவன் வீடு, சம்பளம், கல்யாணம் எல்லாம் தெரிந்துவிடுகிறது. வுட் செய்தது இந்த வேலை. எந்த பிராண்ட், எந்தக் கடை, எந்தத் துணி என்று ஒரு சொல்லில் ஒரு வர்க்கத்தையே நிறுத்துவார். 1986இல் பியானோவில் உட்கார்ந்து அவர் பாடிய 'பாரி அண்ட் ஃபிரீடா' பாட்டில் மனைவிக்குக் கலவி வேண்டும், கணவன் சாக்குச் சொல்லித் தப்பிக்கிறான். மாறி மாறிப் போகும் ஒவ்வொரு சுற்றிலும் வீட்டுச் சாமான்களும் புறநகர் வாழ்க்கையும் வந்து விழுகின்றன. நடுவயதுப் பெண்ணின் காமத்தை, அவளை அசிங்கப்படுத்தாமல், அவள் பக்கம் நின்று, அரங்கு நிறைந்த குடும்பங்களுக்கு முன்னால் பாடியது பாதுகாப்பான வேலையா? பாஸ், முயற்சி பண்ணிப் பாருங்க.

அப்புறம் 'டின்னர்லேடீஸ்'. 1998 முதல் 2000 வரை, பதினாறு அத்தியாயங்கள், அத்தனையும் அவர் ஒருவரே எழுதியது. மான்செஸ்டரில் ஒரு தொழிற்சாலை. ஆனால் ஒரு இயந்திரம்கூட நம் கண்ணில் படாது. கேமரா கேன்டீனை விட்டு வெளியே போவதே இல்லை. டோஸ்ட் போடுகிற பெண்களின் பேச்சுதான் நாடகம். உற்பத்தி நடக்கிற இடம் முக்கியம், சோறு போடுகிற இடம் பின்னணி என்ற வழக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார். அந்தக் கேன்டீனுக்குள் மாதவிடாய் நிற்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. மேலாளர் டோனிக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை. பிரென் தாயால் கைவிடப்பட்டு வளர்ந்தவள், அந்தத் தாய் இப்போது நினைத்த நேரத்துக்கு வந்து பொய்யாகக் கொட்டிவிட்டுப் போகிறாள். அனிதா யாருக்கும் தெரியாமல் ஒரு குழந்தையைப் பெற்று, அது பிரென் கையில் சேரும்படி விட்டுவிட்டுப் போகிறாள். இதையெல்லாம் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி எழுதினார். கடைசி அத்தியாயங்களில் இனிப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசியல் இல்லை என்று சொல்கிறவர்கள், அரசியல் எங்கே இருக்கும் என்று நினைக்கிறார்களோ அந்த இடத்தில்தான் கோளாறு.

எழுத்து வேலை எப்படி நடந்தது என்பதும் முக்கியம். 'டின்னர்லேடீஸ்' ஒவ்வொரு அத்தியாயத்தையும் பார்வையாளர் முன் இரண்டு முறை, அடுத்தடுத்த நாள் பதிவு செய்தார்கள். முதல் நாள் எது விழுந்தது, எது விழவில்லை என்று பார்த்து, இரவோடு இரவாகத் திருத்துவார். நடிகர்கள் எழுதியதை எழுதியபடி பேச வேண்டும், சொல் பிசகக்கூடாது. 'ஏகார்ன் ஆன்டீக்ஸ்' என்ற அவருடைய சீரியல் கிண்டலில் சுவர் ஆடும், நடிகர்கள் வசனத்தை விடுவார்கள், கேமரா தப்பான ஆளைக் காட்டும். அந்தத் தப்புகள் அத்தனையும் திட்டமிட்டு எழுதப்பட்டவை. இவ்வளவு கறாராக வேலை செய்தவரை 'இயல்பா வருது அவங்களுக்கு' என்று பாராட்டுவது, உழைப்பைத் திருடிக்கொண்டு கையில் மிட்டாய் கொடுப்பது மாதிரி. பெண்கள் எழுதினால் இந்த 'இயல்பா வருது' உடனே வந்துவிடும்.

உடம்பும் சேர்ந்துகொண்டது. வுட்டின் எடை பற்றிப் பத்திரிகைகள் எழுதியதில் பாதியாவது அவருடைய வாக்கியங்கள் பற்றி எழுதியிருக்கலாம். ஒருவர் தானே எழுதியதைத் தானே நடித்தால், நம் கண் முகத்தில் நின்றுவிடுகிறது. ஆணாக இருந்தால் 'எழுதி நடிக்கும் மேதை'. பெண் என்றால் நடிகை, அதிலும் காமெடி நடிகை.

2006இல் அவர் 'ஹவுஸ்வைஃப், 49' என்ற தொலைக்காட்சிப் படத்தை எழுதி நடித்தார். பேரோ-இன்-ஃபர்னஸ் நகரத்தில் வாழ்ந்த நெல்லா லாஸ்ட் என்ற நிஜப் பெண்ணின் கதை. சாதாரண மக்களின் அன்றாடத்தைத் திரட்டிய 'மாஸ் அப்சர்வேஷன்' திட்டத்துக்காக 1939இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர் நெல்லா. தன்னை அவர் அறிமுகப்படுத்திக்கொண்டது தொழிலும் வயதுமாக: இல்லத்தரசி, 49. பயந்து ஒடுங்கிக் கிடந்தவர், போரும் எழுத்தும் சேர்ந்து தந்த தைரியத்தில் மெல்ல நிமிர்கிறார். அந்தப் படத்துக்கு வுட்டுக்கு இரண்டு பாஃப்டா கிடைத்தது. சிறந்த நடிகை, சிறந்த தனி நாடகம். இந்த முறை 'லைட்' இல்லை. இருபது வருடத்தில் அவர் எழுத்து கனமாகிவிட்டதா? கிறிஸ்ஸியைக் கடலில் விட்ட அதே கைதான் நெல்லாவையும் எழுதியது. சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், உடனே மேல்மாடிக்குக் கதவு திறந்துவிட்டது.

நெல்லாவின் நாட்குறிப்பையும் ரொம்ப காலம் யாரும் எழுத்து என்று நினைக்கவில்லை. ஆவணம், சான்று, தகவல் என்றே வைத்திருந்தார்கள். அதை எழுத்து என்று வாசித்துக் காட்டியவர்களில் ஒருவர் வுட். அவருக்கு அதே மரியாதையை நாம் திருப்பிச் செய்யலாம், பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. 'டின்னர்லேடீஸ்' ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை சிரித்து முடியுங்கள். அடுத்த தடவை பேனாவோடு உட்கார்ந்து, யார் யாருக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே பாருங்கள். பிண்டரை இப்படித்தானே படிக்கிறீர்கள்?