இருட்டும் இருட்டும் கழிஞ்சு போச்சாம்!

போன சனிக்கிழமை எங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஒரே சண்டை. பகடைச் சண்டைதான், பயப்படாதீங்க. வெளியே மெல்போர்ன் மழை. பையனும் அவன் கூட்டாளிங்களும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிக்கிட்டு இருந்தாங்க. நானும் ஒரு வில்லாளியா உள்ள புகுந்துட்டேன். தெரியாதவங்களுக்காக: ஆளுக்கொரு வேஷம், கதையை நடத்த ஒருத்தர், அடி விழுந்துச்சான்னு சொல்ல இருபது முகப் பகடை. 1974-ல கைகாக்ஸும் ஆர்னசனும் கொண்டுவந்த ஆட்டம்.

கதையில பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. எதிரி 200 அடி தூரத்துல. அவன் எனக்குத் தெரியல, நான் அவனுக்குத் தெரியல. "சாதாரணமாப் போடுங்கப்பா"ன்னான் பையன். எப்படிடா? புத்தகத்தை நீட்டினான், 2014-ல வந்த அஞ்சாம் பதிப்பு.

கண்ணுக்குத் தெரியாதவனை அடிச்சா டிஸ்அட்வான்டேஜ்: ரெண்டு தடவை உருட்டிச் சின்னதை எடுக்கணும். நம்மளைப் பார்க்க முடியாதவனை அடிச்சா அட்வான்டேஜ்: பெருசை எடுக்கலாம். ரெண்டும் வந்தா கழிஞ்சுடும். ஆக, கண்ணைக் கட்டிக்கிட்ட ரெண்டு பேரும் பட்டப்பகல் மாதிரியே அம்பு விடலாம்! இதைவிடக் கூத்து, எங்கிட்ட இருந்தது சின்ன வில். 80 அடிக்கு மேல போனாலே டிஸ்அட்வான்டேஜ். அதுவும் இந்தக் கணக்குல சேர்ந்து காணாமப் போச்சு. பனி வந்ததால எனக்குக் குறி ஈஸியாயிடுச்சு சாமி!

நான் கே.ஜி.எஃப்.காரன். 1902-லயே சிவசமுத்திரத்துல இருந்து கரண்ட் வந்த ஊர் எங்க ஊரு. ஆனா சாம்பியன் ரீஃப்ல மூணு கிலோமீட்டருக்கு மேல கீழ போனா, தலையில இருக்கிற விளக்குதான் சூரியன். 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடுற வரைக்கும் எங்க ஜனங்க அந்த இருட்டுலதான் சம்பாதிச்சாங்க. அப்பா சொல்லுவார்: "வெளக்கு அணைஞ்சா நகராத. உக்காரு. செவுத்தைத் தொடு." கும்மிருட்டுல முதல்ல தொலையறது திசை. நீ எங்க இருக்கேன்னே உனக்குத் தெரியாது. அஞ்சாம் பதிப்புல எதிரி தனியா ஒளிஞ்சுக்கலைன்னா, அவன் நிக்கிற இடம் எல்லாருக்கும் தெரியுமாம். 2003-ல வந்த மூணரைப் பதிப்பு எவ்வளவோ நேர்மை. கட்டத்தை நீயே யூகிக்கணும், யூகம் சரியா இருந்தாலும் பாதிக்குப் பாதி அடி வீண்.

கவனம் திருப்புற வித்தையும் இதே கதைதான். "ஹெல்ப்"னு ஒரு வார்த்தை. பக்கத்துல நின்னு எதிரியைப் போக்குக் காட்டினா கூட்டாளிக்கு அட்வான்டேஜ். எதிரிக்குத் தப்பிக்கப் பகடை கிடையாது. ஒவ்வொரு சுற்றும் அதே வித்தை, அதே இளிச்சவாயன். சயனைடு மேட்டுப் பக்கம் சண்டை போட்ட எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான், கண்ணுல மண்ணை வீசறது ஒரு தடவைதான் பலிக்கும். ரெண்டாவது தடவை அவன் முழங்கையைத் தூக்கிடுவான், மூணாவது தடவை நம்ம கண்ணுல மண்ணு. மூணரைப் பதிப்புல எதிரிக்கும் ஒரு உருட்டு உண்டு, நம்ம பாவ்லாவை அவன் கண்டுபிடிக்கலாம். 2010-ல பாத்ஃபைண்டர் கண்ணை மறைக்கிற வேலைக்குன்னே தனி விதி எழுதிச்சு, துடைச்சுக்கவும் வழி வெச்சுது.

"விதி எளிமையா இருக்கணும்பா"ங்கறான் பையன். இருக்கட்டும். என் விதியும் ரெண்டே வரி. ஒண்ணு: கண்ணு தெரியலைன்னா கட்டத்தை விரலால காட்டு; தப்பா இருந்தா அம்பு போச்சு, சரியா இருந்தா காசு சுண்டிப் பார். ரெண்டு: போக்குக் காட்டினா எதிரியும் உருட்டணும், அதே ஆள்கிட்ட அதே வித்தை ரெண்டாவது தடவை செல்லாது.

பசங்க ஒத்துக்கல. எழுந்து போய் லைட்டை அணைச்சேன். "இப்ப பகடையை எடுங்கடா"ன்னேன். ஜூஸ் டம்ளர் உருண்டுச்சு, எவனோ எவன் கையையோ பிடிச்சான், பகடை மட்டும் கிடைக்கல. அந்த இருட்டுல பையன் கேட்டான், "தாத்தா பயப்படுவாராப்பா?"

பயந்ததாலதான்டா உக்காந்தார். உக்காந்ததாலதான் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தார்.

வர்ற சனிக்கிழமை என் விதிப்படிதான் ஆட்டம்.