எதுக்கு சார் உங்களுக்கு ஸ்பானிஷ்?

போன பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து இலைக்காரர் கேட்டார். "என்ன சார், ஸ்பானிஷ் கிளாஸ் போறீங்களாமே? ரிட்டயர் ஆனதும் ஸ்பெயின்ல செட்டிலா?" எதிர் வரிசையில் இருந்தவர், "பேங்க்ல ப்ரமோஷனுக்குப் பாயின்ட் உண்டா?" என்றார். இன்னொருத்தர் நேராகவே வந்தார். "எதுக்கு சார்? என்ன பிரயோஜனம்?"

அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சாம்பாரைப் பிசைந்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்பவுமே கோபம் லேட்டாகத்தான் வரும்.

இந்த "என்ன பிரயோஜனம்" இருக்கிறதே, மொழி விஷயத்தில் வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்குப் பிடித்த வியாதியே இதுதான் என்பேன். நானும் இதே வியாதிக்காரன்தான், அதுவும் முற்றிய கேஸ்.

முதலில் அந்த கிளாஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோத்ரூட் பக்கம் ஒரு விரங்குளா கேந்திரம். பெரியவர்கள் பொழுதுபோக்க என்று கட்டிய ஹால். புனேயில் பேட்டைக்குப் பேட்டை இப்படி ஒன்று இருக்கும். காலையில் யோகா, சாயங்காலம் கேரமும் பஜனையும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு அங்கே ஸ்பானிஷ். சொல்லித்தருபவர் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. எல்லோரும் "பாயீ" என்றுதான் கூப்பிடுகிறார்கள், இங்கே பள்ளிக்கூட டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாதம் 300 ரூபாய், அதில் பாதி டீக்கும் பிஸ்கட்டுக்கும் போய்விடுகிறது. பரீட்சை கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. சர்டிபிகேட் வேண்டுமென்றால் டெலே எழுதிக்கொள்ளலாம், ஏ1-ல் இருந்து சி2 வரை ஆறு படிகள். பாயீ அதைத் தடுப்பதில்லை, வற்புறுத்துவதும் இல்லை.

நாங்கள் 11 பேர். 72 வயது ரிட்டயர்ட் எஞ்சினியர் ஒருவர், மகள் பார்சிலோனாவில். ஒரு நர்ஸ். ரெண்டு காலேஜ் பெண்கள். மெஸ்ஸி பேசுவது புரிய வேண்டும் என்று மட்டுமே வருகிற ஒரு பையன் (இவனிடம் யாரும் பிரயோஜனம் கேட்பதில்லை, கவனியுங்கள்). தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், தப்புச் சொன்னவரும் சேர்ந்து சிரிப்பார். முப்பது வருஷத்துக்கு முன்னால் பி.காம். படிக்கும்போது இப்படி ஒரு வகுப்பு கிடைத்திருந்தால் என் இங்கிலீஷ் இவ்வளவு விறைப்பாக இருந்திருக்காது.

அந்த வகுப்பில் எனக்கு ஒரு சின்னப் பெருமையும் கிடைத்தது. ஸ்பானிஷில் "பெரோ" என்றால் ஆனால். அதே ர-வை உருட்டி "பெற்றோ"வுக்குக் கிட்டத்தட்ட நெருக்கமாக, ஆனால் நடுவில் "ட்" இல்லாமல் அதிரச் சொன்னால் நாய். நான் நாகர்கோவில்காரன். மரத்துக்கும் மறத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசினால் எங்கள் ஆச்சி கையில் கிடைத்ததால் அடிப்பாள். முதல் நாளே எனக்கு நாய் சரியாக வந்துவிட்டது :-) வயசு சொல்லும்போது வருகிற "ஆஞோஸ்" என்ற சொல்லில் இருப்பது நம்ம ஞ. அதை ந-வாக்கினால் வேறு அர்த்தம் வந்துவிடும், அது குடும்பத்தோடு படிக்கத்தக்கதல்ல. அப்புறம் "நாதா" (ஒன்றுமில்லை என்று பொருள்). அதன் நடுவில் வருவது நாம் "அது" என்னும்போது வருகிற அதே மெல்லிய த. மற்றவர்கள் அழுத்திச் சொல்ல, பாயீ என்னைக் காட்டி, "இவர் சொல்கிற மாதிரி சொல்லுங்கள்" என்றார். ரெண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் இறங்கிவிட்டேன்.

அன்றைக்குப் பாடம் "மே குஸ்தா எல் கஃபே", அதாவது எனக்குக் காபி பிடிக்கும். பாயீ போர்டில் எழுதிவிட்டு, மராத்தியில் ஒரே வரி சொன்னார். "மலா காஃபீ ஆவட்தே." பத்துப் பேரும் "அச்சா!" என்று தலையாட்டினார்கள். அடுத்து "மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்." காபி ஒருமை, மாம்பழங்கள் பன்மை, அதனால் குஸ்தா போய் குஸ்தான் வந்துவிட்டது. அதற்கும் மராத்தியில் ஒரு வரி. "மலா ஆம்பே ஆவட்தாத்." ஆவட்தே, ஆவட்தாத், குஸ்தா, குஸ்தான். விஷயம் முடிந்துவிட்டது. ரெண்டே நிமிஷம்.

எனக்கு மட்டும் புரியவில்லை. எஞ்சினியர் தாத்தா என் பக்கம் திரும்பி, ரொம்ப அன்பாக, இங்கிலீஷில் விளக்கினார். ஐ லைக் காபி. இங்கிலீஷில் நான் எழுவாய், காபியைப் பிடிக்கிறவன் நான். ஸ்பானிஷில் காபிதான் எழுவாய், நான் அதற்கு நாலாம் வேற்றுமை. தலைகீழாக்கு, மறுபடி திருப்பு, பன்மையா என்று பார்... எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வருகிற வழியில் சிக்னலில்தான் உறைத்தது, "எனக்கு"க் காபி பிடிக்கும்! தமிழிலும் அதேதானே? தமிழில் இருந்து நேராகப் போயிருக்கலாம், மராத்தி வழியாகப் போயிருந்தால் ஒருமை பன்மை சமாசாரமும் சேர்ந்தே வந்திருக்கும், ஏனென்றால் நம்ம "பிடிக்கும்" ஒன்றானாலும் பத்தானாலும் மாறாது. நான் இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு ரெண்டு வாரம் அலைந்தேன்.

அந்த சிக்னலில் நின்றபோது எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி ரொம்பச் சங்கடமானது. மகாராஷ்டிராவுக்கு வந்து 13 வருஷம். நடுவில் 3 வருஷம் நாசிக், மற்றதெல்லாம் புனே. "எனக்குக் காபி பிடிக்கும்" என்று மராத்தியில் சொன்னால் எனக்கு ஏன் புரியவில்லை?

பதில் எனக்குத் தெரியும். பிரயோஜனம் இல்லை என்று கணக்குப் போட்டதுதான்.

எங்கள் துறையில் கிளார்க் வேலைக்கு அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். பி.ஓ. தேர்வு எழுதி ஆபீசராக வருகிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நாடு முழுக்க மாற்றுவார்கள். இதை நான் ஒரு சலுகையாக எடுத்துக்கொண்டேன். எப்படியும் மூணு வருஷத்தில் மாற்றல், எதுக்கு மெனக்கெடணும்? அப்படியே நாலு மூணு வருஷம் ஓடிவிட்டது.

இதற்கு விலை கொடுத்தது நான் இல்லை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மாசம். பென்ஷன்காரர்கள் எல்லாம் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வருகிற மாசம், பிராஞ்சில் நிற்க இடமிருக்காது. ஒரு பாட்டி, எண்பதை நெருங்கியிருக்கும், என் மேஜைக்கு வந்து "ஹயாதீசா தாக்லா" என்றார். மராத்தியில் அதுதான் அந்தச் சான்று. என் காதில் விழுந்தது "தாக்லா" மட்டும். ஹிந்தியில் "தாக்கிலா" என்றால் ஸ்கூல், காலேஜ் அட்மிஷன். பேரனுக்கு ஏதோ அட்மிஷன் என்று நினைத்து, கல்விக் கடன் மேஜையைக் கைகாட்டிவிட்டேன். அங்கே இருந்தவர் அன்றைக்கு லீவு. பாட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் பார்த்தேன், ஆனால் கூட்டத்தில் மறந்துவிட்டேன்.

டிசம்பரில் அவருக்குப் பென்ஷன் ஏறவில்லை. புருஷன் போனபின் வருகிற குடும்ப ஓய்வூதியம், அது ஒன்றுதான் வருமானம். பேரனோடு வந்தார். சண்டை போடவே இல்லை. "நான் சாஹேப்கிட்டதான் சொன்னேன்" என்றார், அதையும் பேரன்தான் எனக்கு ஹிந்தியில் சொன்னான். சான்றை வாங்கி அன்றைக்கே பதிந்துகொடுத்தேன், நிலுவையோடு ஜனவரியில் வந்துவிட்டது. ஒரு மாசம் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது இன்னொரு காட்சி. என் அம்மா ஊரில் இருந்து போன் பண்ணுகிறாள். "மக்கா, பேங்க்ல புதுசா ஒரு வடக்கத்திப் பய வந்திருக்கான். நல்ல பிள்ளைதான், ஆனா தமிழ்ல ஒரு வார்த்தை தெரியல. எப்டிடே நான் கேக்கது?" உடனே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தமிழ்நாட்டில் வேலை பார்க்கிறவனுக்குத் தமிழ் தெரிய வேண்டாமா என்று பொரிகிறேன். பொரிந்துவிட்டு போனை வைத்தால், இங்கே ஏதோ ஒரு வீட்டில் ஒரு மராத்தி அம்மா தன் மகனிடம் என்னைப் பற்றி அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நம்ம ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

"ஹிந்தியே போதுமே சார், இங்கே எல்லாருக்கும் ஹிந்தி தெரியும்." அடேங்கப்பா! 1965-ஐப் பற்றி பந்திக்குப் பந்தி முழங்குகிற நாம் சொல்கிற பேச்சா இது? 2025-ல் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஹிந்தி மூன்றாவது மொழி என்று இந்த மாநில அரசு ஆணை போட்டபோது மராத்திக்காரர்கள் எதிர்த்தார்கள், ஜூன் கடைசியில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். நமக்கு ஆகாத அதே நியாயத்தை அவர்கள் ஊரிலேயே அவர்கள் தலையில் வைக்கிறோம்.

"மிரட்டுறாங்க சார், மிரட்டினா படிக்க மாட்டோம்." இதில் பாதி நியாயம் உண்டு. 2025 ஜூலையில் மீரா ரோட்டில் மராத்தி பேசவில்லை என்று ஒரு கடைக்காரரை அறைந்த வீடியோவை எல்லோரும் பார்த்தோம். ரவுடித்தனம் அது, அறைந்தால் எந்த மொழியும் வராது. ஆனால் என்னை 13 வருஷத்தில் யாரும் அறையவில்லை. கீழ்வீட்டு ஆஜி தினம் மராத்தியில்தான் என்னிடம் பேசினாள், நான்தான் ஹிந்தியில் பதில் சொல்லி அவள் வாயை அடைத்தேன். மிரட்டினால் படிக்க மாட்டேன் என்றால் சரி, சிரித்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க வந்தவளிடம் ஏன் படிக்கவில்லை?

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம் என்று 2020-ல் இங்கே சட்டம் வந்தபோது நம் வட்டாரத்தில் எழுந்த ஒரே கேள்வி, "மார்க்ல சேருமா?" அதே பெற்றோர்தான் பிள்ளையை ஆயிரக்கணக்கில் கட்டி ஸ்பானிஷுக்கோ ஜெர்மனுக்கோ அனுப்புகிறோம், மார்க் நன்றாக வருமாம், வெளிநாடு போக உதவுமாம். என் மகள் ஸ்பானிஷில் 90-க்கு மேல் வாங்கினவள். குடிக்கத் தண்ணீர் கேள் பார்ப்போம் என்றேன், "அது சிலபஸ்ல இல்லப்பா" என்றாள். ஸ்பானிஷ் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் உலகத்தில் கிட்டத்தட்ட 50 கோடி. அவர்களில் ஒருவரையாவது அவள் எப்போது சந்திப்பாளோ தெரியாது. மராத்தி பேசுகிறவர்களை லிஃப்டிலேயே தினம் நாலு பேரைச் சந்திக்கிறாள். அவர்களிடம் சும்மா சிரித்துவிட்டு செல்போனைப் பார்க்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஸ்பானிஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். நான் அதை விடப்போவதில்லை. நம்ம மேசையும் அவர்கள் மேசாவும் ஒன்று, அலமாரியும் ஆர்மாரியோவும் உறவு, போர்த்துக்கீசியன் கொண்டுவந்து போட்டது. மாங்கோ இங்கிருந்து, தென்னாட்டு மாங்காயில் இருந்து அங்கே போனது. வடாபாவ் கடையில் தினம் கேட்கிற படாடாவும் அந்தக் கப்பலில் வந்த சொல்தான். இதெல்லாம் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இதற்காக எழுந்து ஓடுகிறேன். பிரயோஜனம் பார்க்காமல் போன அந்த ஒரு கிளாஸில்தான், பிரயோஜனம் பார்த்து நான் விட்டுவிட்ட மொழி எனக்குத் தெரிய வந்தது.

பாயீயிடம் போய்க் கேட்டேன். ஸ்பானிஷ் முடிந்ததும், 11 மணியில் இருந்து முக்கால் மணி நேரம், எங்களுக்கு மராத்தி சொல்லித்தர முடியுமா? ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "இத்தனை வருஷம் கேட்கவே இல்லையே" என்றார். இப்போது நாலு பேர் வருகிறோம்: நான், என் மனைவி, ஒரு சேலத்துக்காரர், அவர் பையன். என் மனைவி என்னைவிட வேகம், காய்கறிக்காரரிடம் ரெண்டு வாரத்தில் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் இன்னும் "பஸா, ஆஜி" (உட்காருங்க பாட்டி) அளவில்தான் நிற்கிறேன். ஆனால் நவம்பருக்கு வேண்டிய வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஹாலில் நாற்காலி நிறைய இருக்கிறது. டீ காசு மட்டும் கொண்டு வாருங்கள், நோட்டுகூட வேண்டாம். பந்தியில் கேள்வி கேட்ட அந்த மூணு பேருக்கும் தனியாகவே அழைப்பு வைக்கிறேன். வரும்போது எதுக்கு என்று மட்டும் கேட்காதீர்கள், பாயீ சிரித்துவிடுவார்.