வருகைதரு ஆய்வு நல்கையும் ஹாலேயின் தமிழ்ச் சுவடிகளும்

தரங்கம்பாடியிலிருந்து 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழர் ஒருவர் உடன் சென்றார். கடற்பயணத்தில் தமிழ்ப் பேச்சு விட்டுப்போகாதிருக்கவும் இலக்கண நூலாக்கத்தில் ஐயம் களையவும் அவர் துணை நின்றார். இலத்தீன் மொழியில் அமைந்த அவ்விலக்கண நூல் 1716இல் செருமனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அதன் முகப்பில் ஆசிரியராக இடம்பெற்றது சீகன்பால்குவின் பெயர் மட்டுமே. அயலக நிறுவனம் ஒன்றின் அறிவுப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருவர் எந்நிலையில் வைத்து மதிக்கப்பட்டார் என்பதை அறிய மலையப்பனின் பயணம் ஒரு தொடக்கச் சான்று. இன்றைய வருகைதரு ஆய்வு நல்கைகளைப் பற்றிய உரையாடலையும் அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

1698இல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே தோற்றுவித்த ஹாலே அறநிறுவனம் இன்று நூலகமும் ஆவணக் காப்பகமும் கொண்ட பன்னாட்டு ஆய்வு மையமாக விளங்குகிறது. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பப்பட்ட நாட்குறிப்புகளும் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே உள்ளன. பிரிட்ஸ் தைசன் அறக்கட்டளையின் நிதியுதவியால் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சில மாதங்கள் தங்கி இவற்றைப் பயிலும் வாய்ப்பும் அங்குண்டு. தமிழாய்வாளர்க்கு இதனினும் நெருக்கமான அயலகக் காப்பகங்கள் சிலவே. ஆயினும் தமிழ்த்துறைகளிலிருந்து இத்தகைய நல்கைகளை நாடுவோர் அரியர். ஆர்வக்குறைவே இதற்குக் காரணம் என்று கூறிவிடுவது எளிது, அது பிழை.

காப்பகத்தின் இயல்பை நோக்கினால் காரணம் விளங்கும். அங்குள்ள ஓர் ஆவணத்தை முழுமையாகப் பயன்கொள்ள இருவேறு பயிற்சிகள் தேவை. ஓலையில் புள்ளி இல்லை, எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு இல்லை, காலும் ரகரமும் ஒரே வடிவின, சொற்பிரிப்பும் இல்லை. 'கொள்' என்பதா 'கோள்' என்பதா என்று முடிவுசெய்ய யாப்பறிவும் இலக்கியப் பயிற்சியும் வேண்டும். பிரபவ முதலான அறுபதாண்டுச் சுழற்சியில் ஆண்டைச் சுட்டும் ஏட்டின் இறுதிக் குறிப்பை ஆங்கில ஆண்டோடு பொருத்துவதற்கும் வேறு அகச்சான்றுகளைத் தேட நேரும். இவை தமிழ்த்துறைகளில் சுவடியியல் பயின்றோர்க்குக் கைவந்தவை. ஆனால் அதே சுவடி யாரிடமிருந்து, எப்பொழுது, என்ன விலைக்குப் பெறப்பட்டது என்ற செய்தி இருக்குமாயின், அது செருமானிய நாட்குறிப்பிலோ கடிதத்திலோதான் இருக்கும். அவை பழைய செருமானியச் சாய்வெழுத்தில் எழுதப்பட்டவை. அவ்வெழுத்து இன்றைய செருமானியர்க்கும் தனிப் பயிற்சியின்றிப் புலப்படாது. ஓலையைப் படிப்பவர் நாட்குறிப்பைப் படிக்கவியலார். நாட்குறிப்பைப் படிப்பவர் ஓலையைப் படிக்கவியலார். நல்கையோ ஒருவருக்கே வழங்கப்படுகிறது.

1708இல் சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை ஒன்று எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைக் குறிக்கும் அவ்வட்டவணை, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரையில் எந்நூல்கள் பயிலப்பட்டன என்பதற்கு நேர்ச்சான்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆய்வும் 2012இல் புதுச்சேரியில் வெளிவந்தன. வில் சுவீட்மன் என்னும் சமயவரலாற்று அறிஞரும் இரா. இலக்குவன் என்னும் தமிழறிஞரும் இணைந்து செய்த பணி அது. செருமானிய வாசகத்தில் சிதைந்த ஒலிப்பில் பதிவாகியிருந்த நூற்பெயர்களை இனங்காண்பது ஒருவரால் மட்டும் ஆகக்கூடிய செயலன்று. மலையப்பனின் பெயர் இடம்பெறாத நூல்முகப்புக்கும் இரு பெயர்கள் இடம்பெற்ற இந்நூல்முகப்புக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கடந்துள்ளன. நல்கை வழங்கும் முறைகள் அவ்வளவு தொலைவு கடந்துவரவில்லை.

எனவே இரட்டை நல்கை என்பதே இங்கு முன்வைக்கத்தக்க முதற்கருத்து. ஒரே பொருண்மைக்கு இருவர் இணைந்து விண்ணப்பிக்கவும் ஒரே காலத்தில் தங்கவும் இடமளிக்க வேண்டும். இதனால் செலவு இருமடங்காகும் என்பர். தனியொருவர் இரு மாதங்கள் தங்கி, படிக்கவியலாத பாதியை விட்டுவிட்டு எழுதும் கட்டுரைக்கு ஆகும் செலவும் செலவே.

விண்ணப்ப மொழி அடுத்த தடை. ஆய்வு முன்வரைவை ஆங்கிலத்திலோ செருமானியத்திலோ எழுதவேண்டும் என்பதே இத்தகைய நல்கைகளின் பொதுவழக்கு. நிறுவனத்தின் நோக்கில் இது இயல்பே, மதிப்பிடுவோர் படிக்கவேண்டும். ஆனால் முன்வரைவு எழுதும் திறனும் மூலபாடம் தேரும் திறனும் வேறுவேறு. ஒரு பாடவேறுபாட்டின் முன் மூன்று நாள்கள் அமர்ந்திருக்கும் பொறுமையை, 'புத்தாக்கம்', 'தாக்கம்' என்னும் சொற்களால் நிரப்பப்படும் படிவத்தில் எக்கட்டத்தில் எழுதுவது? தமிழில் எழுதப்பெற்ற முன்வரைவை மொழிபெயர்ப்புடன் ஏற்று, தமிழறிந்த ஒருவரையேனும் மதிப்பீட்டுக் குழுவில் சேர்ப்பது பெருஞ்சுமையன்று. நல்கைக்காலத்தில் எழுதப்பெறும் தமிழ்க் கட்டுரையையும் ஆய்வுப்பயனாகக் கணக்கிடுதல் வேண்டும்.

எண்மப் படிமங்கள் இணையத்தில் கிடைக்கும் காலத்தில் நேரில் செல்வது எதற்கு என்ற வினாவும் எழக்கூடும். படிமம் பாடத்தைத் தரும், கட்டினைத் தராது. துளையின் தேய்வு, ஏடுகளின் அளவு வேறுபாடு, பின்னர்ச் செருகப்பட்ட ஏடு, மற்றோர் எழுத்தாணியின் ஆழம் ஆகியவை கையில் எடுத்துப் பார்க்கும்போதே தெளிவுறும். அதனினும் முதன்மையானது, காப்பாளருடன் நிகழும் உரையாடல். அட்டவணையில் தவறாகப் பெயர் குறிக்கப்பட்ட சுவடியைத் திருத்தும் வாய்ப்பு அதனாலேயே வாய்க்கிறது.

குறை அயலக மையங்களிடம் மட்டும் இல்லை. விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆணைக்குக் காத்திருக்கும் கல்லூரி ஆசிரியர்க்கு நல்கையின் காலம் கடந்துவிடுவதுண்டு. பருவத்தேர்வும் விடைத்தாள் திருத்தமும் ஆவணங்களுக்காகக் காத்திரா. மேலும், தமிழ்நாட்டு நிறுவனங்கள் பிறரை எவ்வளவு வரவேற்கின்றன என்பதும் கேட்கத்தக்கதே. 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தோன்றியபோது உலகளாவிய ஆய்வாளர் வந்து தங்கிப் பயிலும் இடங்களாக அவை வளரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஹாலேயின் காப்பாளர் ஒருவர் தஞ்சையில் மூன்று மாதங்கள் தங்கி ஏடு படிக்கக் கற்றுச் செல்வாராயின், அவர் பொறுப்பிலுள்ள சுவடிகளுக்கு அதனினும் சிறந்த பாதுகாப்பு இல்லை. அவருடன் பணியாற்றும் தமிழாய்வாளர் அதே மாதங்களில் பழைய செருமானியக் கையெழுத்தின் அகரவரிசையையேனும் கற்றுக்கொள்ளலாம்.

சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்து ஹாலேக்கு அனுப்பிய தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூல், அங்கிருந்தோர் விரும்பாமையால் அச்சேறாது கிடந்து 1867இல் சென்னையில்தான் வெளிவந்தது. அந்நூலுக்குச் செய்தி தந்த தமிழர்களின் பெயர்கள் பெரும்பாலும் இன்னும் அறியப்படவில்லை. அவற்றுள் சிலவாவது நாட்குறிப்புகளின் வரிகளிலோ ஓலைகளின் இறுதிக் குறிப்புகளிலோ இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் படிக்க இருவர் தேவை. இருவர்க்கும் தங்க இடமும் சில மாத ஊதியமும் தேவை.